தடித்த கம்பி எனும் மயக்கம்

மோட்டார்ஹோம் ஓட்டுபவர்களிடையே ஒரு நம்பிக்கை ஆழமாக வேரோடியிருக்கிறது. வண்டி வளைவில் சாய்கிறதா, காற்றடித்தால் அலைகிறதா, லாரி கடந்துபோகும்போது விலகி ஓடுகிறதா? எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து: ஸ்வே பார் என்ற குறுக்குக் கம்பியைத் தடித்ததாக வாங்கி மாட்டு. எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது. உதிரிபாகம் விற்பவர் இதைச் சொல்கிறார். முகாமில் பக்கத்து இடத்தில் வண்டியை நிறுத்தியிருப்பவரும் இதையே சொல்கிறார். ஓய்வுபெற்ற அமெரிக்கத் தம்பதியர் ஆயுள் சேமிப்பில் பெரும் பங்கைக் கொட்டி வாங்கிய வீட்டுவண்டிக்கு, முதல் ஆறு மாதத்துக்குள் செய்யும் முதல் செலவு பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கிறது.

ஸ்வே பாரை நான் குறைசொல்லவில்லை. எல்லாவற்றுக்கும் முன்பாக அதை வாங்கச் சொல்லும் வரிசையும், தடிமனை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் அளவுகோலும் தவறு என்கிறேன். இந்தத் தவறு பணத்தோடு போவதில்லை. வண்டியின் உண்மையான கோளாறு மறைந்தபடியே நெடுஞ்சாலையில் ஓட அது வழிசெய்கிறது. பத்து டன் எடையுள்ள வண்டிக்குள் பேரப்பிள்ளைகளை உட்காரவைத்து ஓட்டுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறோம். அலட்சியமாக விட்டுவிடக்கூடிய விஷயமில்லை.

முதலில் வண்டியைப் பார்ப்போம். அமெரிக்காவில் பெட்ரோலில் ஓடும் பெரிய மோட்டார்ஹோம்களில் மிகப் பல, ஃபோர்டு எஃப்-53 என்ற சேசிஸ்மேல் கட்டப்பட்டவை. ஃபோர்டு தருவது சட்டம், என்ஜின், ஆக்சில், சக்கரங்கள் மட்டுமே. அதன்மேல் வீட்டைக் கட்டுவது வின்னபேகோ, தோர், டிஃபின் போன்ற நிறுவனங்கள். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். இரண்டு பக்கமும் ஒரே உத்திரமாக இணைந்த ஆக்சில். இந்தச் சேசிஸின் பெரிய வகைகள் மொத்தமாக 11,800 கிலோ வரை தாங்கும். ஒரே சேசிஸ்மேல் ஒருவர் குட்டையான வீட்டைக் கட்டுகிறார். இன்னொருவர் பின்சக்கரத்தைத் தாண்டி மூன்று மீட்டருக்கு மேல் நீட்டிக் கட்டுகிறார். ஒருவர் தண்ணீர்த் தொட்டியை நடுவில் வைக்கிறார், மற்றவர் வால் பகுதியில் வைக்கிறார். ஸ்பிரிங்கையும் ஸ்வே பாரையும் வடிவமைத்த பொறியாளருக்குத் தன் சேசிஸின்மேல் கடைசியில் எது உட்காரும் என்பது முழுதாகத் தெரியாது. ஆகவே ஒரு வண்டிக்குப் பொருந்திய கம்பி அதே சேசிஸுள்ள இன்னொரு வண்டிக்கும் பொருந்தும் என்று சொல்வதற்கே இடமில்லை.

ஸ்வே பார் புதிய பொருளல்ல. கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் என்பவருக்கு இதற்கான காப்புரிமை 1919-லேயே கிடைத்தது. 'ப' வடிவில் வளைத்த ஸ்பிரிங் எஃகுக் கம்பி அது. நடுப்பகுதி ரப்பர் புஷ்களுக்குள் திரும்பும்படி பிடிக்கப்பட்டிருக்கும். இரு முனைகளும் இணைப்புத் தண்டுகள் வழியாக இடது வலது பக்கங்களோடு சேர்ந்திருக்கும். இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலேறினால் கம்பி சும்மா சுழலும், எதையும் எதிர்க்காது. ஒன்று ஏறி மற்றது இறங்கினால்தான் முறுக்கிக்கொண்டு எதிர்க்கும். அதாவது உடல் பக்கவாட்டில் சாயும் கோணத்தைக் குறைக்கும். அது செய்யும் வேலை இவ்வளவுதான். வண்டியின் எடையில் ஒரு கிலோவைக்கூட அது சுமப்பதில்லை. வண்டியை நேராக ஓடவைக்க அதனிடம் நேரடி வழி எதுவும் இல்லை.

'கம்பி போட்டால் வண்டி கவிழாது' என்ற பேச்சு இந்த நம்பிக்கையின் மிக ஆபத்தான கிளை. கணக்கைப் போட்டே பார்க்கலாம். வண்டியின் எடை 10,000 கிலோ, எடைமையம் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரம், இடவலச் சக்கரங்களுக்கு இடையே 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பில் பத்தில் மூன்று பங்கு அளவுக்குப் பக்கவாட்டு விசை வரும் வளைவில், உட்புறச் சக்கரங்களிலிருந்து வெளிப்புறச் சக்கரங்களுக்கு 2,250 கிலோ பாரம் இடம்பெயரும். இதைத் தீர்மானிப்பவை எடைமையத்தின் உயரம், சக்கர அகலம், வேகம், வளைவின் ஆரம் ஆகியவை. கம்பிக்கு இதில் பங்கே இல்லை. உடல் நான்கு பாகை சாய்வதால் எடைமையம் சில சென்டிமீட்டர் வெளிப்பக்கம் நகரும். அதனால் இன்னும் ஒரு 280 கிலோ கூடும். தடித்த கம்பி போட்டுச் சாய்வைப் பாதியாகக் குறைத்தாலும் மிச்சமாவது 140 கிலோ. மொத்தம் 2,530 கிலோவில் அது ஆறு விழுக்காடுகூட இல்லை. ஓட்டுநருக்கோ சாய்வு பாதியானதுபோல் தெரிகிறது; ஆபத்தும் பாதியானதாக அவர் நம்பிவிடுகிறார். நெடுஞ்சாலையிலிருந்து வெளியேறும் வளைவுச் சாலையில் முன்பு 30 மைல் வேகத்தில் இறங்கியவர் இப்போது 38-இல் இறங்குகிறார். வளைவில் விசை வேகத்தின் இருமடியாக ஏறும். 38 மைலில் அது முந்தையதைவிட 1.6 மடங்கு. கம்பி கொடுத்த 140 கிலோ அந்த எட்டு மைலில் இருந்த இடம் தெரியாமல் போய்விடும்.

அடுத்து, கம்பிக்கு ஆர்டர் கொடுப்பவர்களில் பலரை உண்மையில் வாட்டுவது வளைவே அல்ல. அவர்களுடைய புகார் நேர்சாலையில்தான். வயோமிங் மாநிலத்தில் இன்டர்ஸ்டேட் 80 சாலையில் லாரமிக்கும் ராலின்ஸுக்கும் இடையேயும், கலிஃபோர்னியாவில் பாம் ஸ்பிரிங்ஸ் பக்கம் காற்றாலைகள் நிறைந்த சான் கொர்கோனியோ கணவாயிலும் ஓட்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். காற்று பலக்கும்போது உயரமான, எடை குறைந்த வண்டிகள் போகக்கூடாது என்று வயோமிங் அரசே அந்தச் சாலையை அடைத்துவிடுகிறது. ஒன்பது மீட்டர் நீளமும் 2.7 மீட்டர் உயரமும் உள்ள சுவர்மேல் மணிக்கு 30 மைல் வேகக் காற்று குறுக்காக மோதினால் ஏறத்தாழ 270 கிலோ எடைக்கு நிகரான விசை விழுகிறது. அந்த விசை வண்டியைச் சாய்ப்பது கொஞ்சம்தான். பக்கவாட்டில் தள்ளுவதும் மூக்கைத் திருப்புவதுமே அதிகம். தள்ளப்படும் வண்டியை டயர்கள் பிடித்து நிறுத்த வேண்டும். திரும்பிய மூக்கை ஸ்டீயரிங்கின் இயல்பான திரும்புவிசை நேராக்க வேண்டும். முறுக்குக் கம்பி இந்த இரண்டில் எதற்கும் நேரடியாக உதவாது.

லாரி கடக்கும்போது நடப்பதைக் கவனியுங்கள். பின்னாலிருந்து வரும் லாரியின் முன்காற்று முதலில் நம் வண்டியின் வாலைத் தொடுகிறது. வால் வெளிப்பக்கம் தள்ளப்பட, மூக்கு லாரியை நோக்கித் திரும்புகிறது. ஓட்டுநர் பதறி ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்புகிறார். அதற்குள் காற்றலை மூக்குக்கு வந்து அதையும் வெளியே தள்ளுகிறது. இரண்டும் சேர்ந்து வண்டி சாலையோரக் கோட்டைத் தாண்டிவிடுகிறது. வால் நாயை ஆட்டுகிறது என்று அமெரிக்க ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான். பின்னால் நீண்ட உடல், பக்கவாட்டில் நெளியும் பட்டை ஸ்பிரிங், தேய்ந்த புஷ் எல்லாம் கூடும்போது உடல் ஆக்சிலுக்கு மேலேயே இடவலமாக நகர்கிறது. இந்த நகர்வைத் தடுக்க வேறொரு பொருள் இருக்கிறது: ஆக்சிலின் ஒரு முனையையும் எதிர்ப்பக்கச் சட்டத்தையும் இணைக்கும் குறுக்குத் தண்டு. டிராக் பார், பான்ஹார்ட் ராட் என்ற பெயர்களில் விற்கிறார்கள். ஸ்வே பார் தடுப்பது சுழற்சியை. டிராக் பார் தடுப்பது நகர்வை. இரண்டும் கம்பிகள், இரண்டும் வண்டிக்கு அடியில் குறுக்காகக் கிடப்பவை என்பதால் ஒன்றின் வேலையை மற்றது செய்துவிடாது. ஆனால் 'ஆடுகிறது' என்று வாடிக்கையாளர் சொன்னதும் எந்த ஆட்டம் என்று கேட்காமலே ஸ்வே பாரை எடுத்து நீட்டும் கடைகள்தான் அதிகம்.

கம்பி வாங்கும் முன் போக வேண்டிய இடம் எடைமேடை. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். அமெரிக்காவில் லாரிகள் நிற்கும் பெரிய பெட்ரோல் நிலையங்கள் பலவற்றில் கேட் ஸ்கேல் எடைமேடைகள் இருக்கின்றன. ஒரு வேளை சாப்பாட்டுச் செலவுக்குள் முன் ஆக்சிலின் எடை, பின் ஆக்சிலின் எடை என்று தனித்தனியாக அச்சிட்ட சீட்டு கையில் கிடைக்கும். ஒவ்வொரு சக்கர முனையையும் தனித்தனியே எடைபோட எஸ்கேப்பீஸ் போன்ற சங்கங்கள் வசதி வைத்திருக்கின்றன. தொட்டி நிறையத் தண்ணீர், அலமாரி நிறையச் சாமான், ஆட்கள் எல்லாம் ஏறியபின் எடைபோட வேண்டும். காலி வண்டியின் எடையால் பயனில்லை.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், பின்பாரம் என்ன செய்யும் என்று மாட்டுவண்டி ஏற்றியவருக்கும் தெரியும். வண்டி பின்பாரமானால் நுகத்தடி மேலே தூக்கும், மாட்டுக்குப் பிடி போய்விடும். மோட்டார்ஹோமில் அந்த இடத்தில் இருப்பவை முன்சக்கரங்கள். பின்னால் தொங்கும் தாங்கியில் 200 கிலோ மோட்டார்சைக்கிளை ஏற்றுகிறார் ஒருவர். அது பின் ஆக்சிலுக்கு 2.5 மீட்டர் பின்னால் இருக்கிறது. இரண்டு ஆக்சில்களுக்கும் இடையே 5 மீட்டர். பின் ஆக்சிலில் கூடுவது 200 அல்ல, 300 கிலோ. முன் ஆக்சிலிலிருந்து 100 கிலோ கழிந்துபோகிறது. திசை திருப்பும் சக்கரங்கள் இப்படி லேசானால் வண்டி அலையாமல் என்ன செய்யும்? வண்டியின் மொத்த நீளத்தில் ஆக்சில்களின் இடைவெளி 54 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்று மோட்டார்ஹோம்காரர்களிடையே புழங்கும் பழைய கணக்கும் இந்த அனுபவத்தில் பிறந்ததுதான். பின்னால் இருக்கும் கனமான கருவிப்பெட்டியை ஆக்சில்களுக்கு நடுவே மாற்றிவைக்கச் செலவு எதுவும் இல்லை. அதைச் செய்யாமல், பின்னால் இன்னும் 30, 40 கிலோ எஃகை மாட்டுவதை நான் எப்படித் தீர்வென்று ஒப்புக்கொள்வது?

எடைச்சீட்டு கிடைத்தபின்தான் டயர்க் காற்றைச் சரியாக வைக்க முடியும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும் அழுத்தத்தைப் பார்த்து அதுவரை நிரப்புகிறவர்கள் ஏராளம். அந்த எண், அந்த டயர் தன் உச்சபாரத்தைச் சுமக்கத் தேவையான அழுத்தம். உங்கள் டயர் அவ்வளவு பாரத்தைச் சுமக்கவில்லை என்றால் அவ்வளவு காற்றும் தேவையில்லை. தேவைக்கு மிஞ்சிய காற்றில் டயரின் தரைப்பிடிப்புப் பரப்பு சுருங்கும், சாலையின் ஒவ்வொரு பள்ளக்கோடும் ஸ்டீயரிங்கில் எதிரொலிக்கும், வண்டி அலைந்து ஓடும். குறைந்தால் அதைவிட மோசம்: டயர் சூடேறி வெடிக்கும். டயர் தயாரிப்பாளர் வெளியிடும் பார-அழுத்த அட்டவணையில், அந்த ஆக்சிலில் அதிக எடையுள்ள பக்கத்துக்கு உரிய அழுத்தத்தைக் கண்டு, சிறிது கூட்டி, இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிரப்ப வேண்டும். ஒரு கருவியும் மாட்டாமல், இந்த ஒரு மாற்றத்தால் மட்டும் அலைச்சல் அடங்கிய வண்டிகள் உண்டு.

அலைன்மென்ட்டும் அப்படியே. வீடு கட்டி முடித்து, சாமான் ஏற்றியபின் வண்டியின் நிற்பு மாறிவிடும். பின்பக்கம் இறங்கி முன்பக்கம் எழும்போது கேஸ்டர் கோணமும் மாறும். நேராக ஓடும் இயல்பைத் தருவது அந்தக் கோணம்தான். பாரத்தோடு நிற்கும் வண்டிக்கு அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த லாரிப் பட்டறைக்குப் போக வேண்டும்.

இத்தனையும் முடிந்தபின், காற்றில்லாத நாளில், ஒரே சீரான வளைவில் வண்டி அளவுக்கு மீறிச் சாய்கிறது என்றால் அப்போது ஸ்வே பாரைப் பற்றிப் பேசலாம். பேச நியாயமும் இருக்கிறது. இரட்டைச் சக்கரம் உள்ள பின் ஆக்சிலில் ஸ்பிரிங்குகள் உள்ளே தள்ளி, நெருக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. சாய்வை எதிர்க்கும் வலிமை ஸ்பிரிங்குகளின் இடைவெளியின் இருமடியைப் பொறுத்தது. இடைவெளி குறைந்ததால் அந்த ஸ்பிரிங்குகள் எடையைத் தாங்கும் அளவுக்குச் சாய்வைத் தாங்குவதில்லை. அந்தக் குறையை நிரப்ப ஸ்வே பார் சரியான கருவி. இதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் எந்தக் கம்பி? இங்கேதான் தடிமன் வழிபாடு மீண்டும் தலைதூக்குகிறது. ஒரு கம்பியின் முறுக்கு விறைப்பு அதன் விட்டத்தின் நான்மடியாக ஏறுகிறது என்பது உண்மை. ஒன்றேகால் அங்குலத்திலிருந்து ஒன்றரை அங்குலத்துக்குப் போனால் விறைப்பு இரண்டு மடங்குக்குச் சற்று மேல். பார்வைக்குச் சிறிய வித்தியாசம், பலன் பெரியது. விற்பவர்கள் இதுவரை சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். கம்பியின் இரு கைகளும் நீள நீள விறைப்பு அந்த நீளத்தின் இருமடியாகக் குறையும் என்பதைச் சொல்வதில்லை. நடுப்பகுதியின் நீளம் ஒன்றாக இருந்தால், 15 அங்குலக் கை கொண்ட ஒன்றரை அங்குலக் கம்பியைவிட 10 அங்குலக் கை கொண்ட ஒன்றேகால் அங்குலக் கம்பியே விறைப்பானது. உள்ளே துளையுள்ள கம்பி பலவீனமானது என்ற எண்ணமும் இப்படித்தான். உள்விட்டம் வெளிவிட்டத்தில் பாதியாக இருக்கும் குழாய், கெட்டிக் கம்பியைவிடப் பதினாறில் ஒரு பங்கு விறைப்பையே இழக்கிறது. எடையிலோ கால் பங்கு குறைகிறது. விட்டத்தை மட்டும் கேட்டுக் கம்பி வாங்குகிறவருக்கு, தான் வாங்கியது எவ்வளவு விறைப்பானது என்பதே தெரியாது.

பல எஃப்-53 வண்டிகளின் கம்பி முனையில் தொழிற்சாலையே இரண்டு துளைகள் போட்டிருக்கிறது. இணைப்புத் தண்டை வெளித்துளையிலிருந்து உள்துளைக்கு மாற்றினால் கை குறுகி விறைப்பு ஏறும். கை 12 அங்குலத்திலிருந்து 10 ஆனால் 1.44 மடங்கு. ஒரு ஸ்பானரும் அரைநாள் உழைப்பும் போதும். சில நூறு டாலர் கம்பிக்கு முன்னால் இதைச் செய்துபார்க்கச் சொல்லாத கடைக்காரரை நான் நம்பமாட்டேன்.

கம்பியின் இன்னொரு இயல்பு, எல்லாவற்றிலும் முக்கியமானது. வளைவில் இடம்பெயரும் மொத்தப் பாரத்தை அது பெரிதாகக் குறைப்பதில்லை என்று பார்த்தோம். ஆனால் அந்தப் பாரம் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் எப்படிப் பங்காகிறது என்பதை அது மாற்றுகிறது. எந்த முனையை விறைப்பாக்குகிறீர்களோ அந்த முனையின் வெளிப்புற டயர் கூடுதலாகச் சுமக்கும், அந்த முனையே முதலில் பிடி தளரும். முன்கம்பி மிகைத்தால் ஸ்டீயரிங்கை எவ்வளவு திருப்பினாலும் மூக்கு வெளியே ஓடும். பின்கம்பி மிகைத்தால் ஈரச்சாலையில் வால் வீசும். 1960 மாடலாக வந்த ஷெவர்லே கோர்வேர் கார் இதற்குச் சரியான சாட்சி. என்ஜின் பின்னால், எடை பின்னால், முன்பக்கம் ஸ்வே பார் கிடையாது. வால் வீசாமலிருக்க, முன் டயரில் 15 பிஎஸ்ஐ, பின் டயரில் 26 பிஎஸ்ஐ காற்று வைக்கச் சொன்னார்கள். 1964 மாடலில், பின்னால் ஒரு குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கோடு சேர்த்து, முன் ஸ்வே பாரையும் எல்லா வண்டிகளுக்கும் கொடுத்தார்கள். மறு ஆண்டில் வந்த ரால்ஃப் நேடரின் புத்தகம், பாதுகாப்பற்றது என்று சாடி அந்தக் காரை நாடறியச் செய்தது. 1972-இல் அரசின் ஆய்வு, அக்காலத்து ஒத்த கார்களைவிட அது மோசமானதல்ல என்றது. அந்த வழக்கில் யார் பக்கம் நின்றாலும், முன்கம்பி அங்கே செய்த வேலை முன்பின் சமநிலையைத் திருத்தியதுதான். டயர்க் காற்றின் வேறுபாடு செய்துகொண்டிருந்ததும் அதே வேலைதான். 'பின்னால் ஒரு தடித்த கம்பி போட்டுவிடு, முன்னால் பிறகு பார்க்கலாம்' என்ற அறிவுரை இந்தச் சமநிலையைக் கண்ணை மூடிக்கொண்டு கலைக்கிறது.

ஷாக் அப்சார்பரையும் யாரும் நினைப்பதில்லை. சாய்வுக்கு எதிரான விறைப்பு மொத்தத்தில் இரட்டித்தால் உடல் இடவலமாக ஆடும் வேகம் 1.4 மடங்காகும், அதே ஷாக் அப்சார்பரின் அடக்கும் திறன் ஒப்பளவில் பத்தில் ஏழாகக் குறையும். ஆட்டம் சிறுக்கும், ஆனால் வெடுக்கென்று வரும், அடங்க அதிகச் சுற்று எடுக்கும். பெட்ரோல் நிலையத்து வாசல் பள்ளத்தில் கோணலாக ஏறும்போது பயணிகளின் தலை ஜன்னலில் இடிப்பது இதனால்தான். ஒரு பக்கச் சக்கரம் குழியில் விழுந்தால், விறைத்த கம்பி அந்த அடியை மறுபக்கத்துக்கும் கடத்தும். பழைய ஷாக் அப்சார்பர் இருக்க, புதுக் கம்பியை மட்டும் மாட்டுவது பாதி வேலை.

"போட்டவர்கள் எல்லாரும் வித்தியாசம் தெரிகிறது என்கிறார்களே?" தெரியத்தான் செய்யும். புதுக் கம்பியோடு புதுப் புஷ், புது இணைப்புத் தண்டு எல்லாம் சேர்ந்து வருகின்றன. பழைய புஷ் தேய்ந்து இடைவெளி விட்டிருந்தால், சாய்வின் முதல் சில மில்லிமீட்டரில் பழைய கம்பி வேலையே செய்யாமல் கிடந்திருக்கும். நேர்சாலையில் ஓட்டுநர் உணர்வது அந்தச் சில மில்லிமீட்டரைத்தான். புஷ்ஷை மட்டும் மாற்றியிருந்தாலும் அந்த மகிழ்ச்சியில் பெரும்பகுதி கிடைத்திருக்கும். மாற்றிப் பார்க்காதவரை, புகழ் முழுவதும் கம்பிக்கே போகிறது.

வாங்குவதென்று முடிவானால் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. கை நீளம் என்ன? முன்னும் பின்னும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அளவிட்ட ஜோடியா? ஏர் பேக் எனும் காற்று ஸ்பிரிங், சைலன்ஸர் குழாய், புரொபெல்லர் ஷாஃப்ட் எதிலும் உரசாமல் முழு ஏற்ற இறக்கத்துக்கு இடம் இருக்கிறதா? சட்டத்தில் பிடிக்கும் தாங்கிகள் அந்தக் கூடுதல் விசையைத் தாங்குமா? எல்லாவற்றுக்கும் மேலாக, முனையை ஓர் அங்குலம் நகர்த்த எத்தனை பவுண்டு விசை வேண்டும்? இந்த ஒற்றை எண் தெரிந்தால் எந்தக் கம்பியையும் எந்தக் கம்பியோடும் ஒப்பிடலாம். ஸ்பிரிங் விற்பவர்கள் விறைப்பை எண்ணாகத் தருகிறார்கள். ஸ்வே பாரும் ஒரு ஸ்பிரிங்தான். அதை விட்டத்தை மட்டும் போட்டு விற்கிறார்கள் என்றால், வாங்கும் நாம் விட்டத்தை மட்டும் கேட்கிறோம் என்பதே காரணம். அந்த எண்ணைக் கேளுங்கள். தரத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள்.